நிதி கேட்கும் தாளில் ஊர் தெரிய வேண்டும்

ஆய்வுக்கும் சமூகப் பணிக்கும் பணம் வருகிற வழிகள் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டன. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், ஒரு தொண்டு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுப்பதைத் தடை செய்தது. உலகின் மிகப் பெரிய நிதியுதவி அமைப்புகளில் ஒன்றாக இருந்த அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமை 2025 ஜூலை 1-ல் தன் உதவித் திட்டங்களை முடித்துக்கொண்டது. இந்திய அறிவியல் ஆய்வுக்கான நிதியோ, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கைக்கு மாறியிருக்கிறது. இந்த மூன்று மாற்றங்களின் சுமையும் புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களின் சிறு அமைப்புகள் மீதும் கல்லூரி ஆசிரியர்கள் மீதும் கூடுதலாக விழுகிறது.

முன்பெல்லாம் சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் பெரிய தொண்டு நிறுவனம் வெளிநாட்டு நிதியைப் பெற்று, அதில் ஒரு பகுதியை அறந்தாங்கியிலோ கந்தர்வகோட்டையிலோ களப்பணி செய்யும் சிறு அமைப்புக்குக் கொடுக்க முடிந்தது. விண்ணப்பமும் கணக்கும் ஆங்கில அறிக்கையும் பெரிய நிறுவனத்தின் பொறுப்பாகவும், வேலை மட்டும் சிறிய அமைப்பின் பொறுப்பாகவும் இருந்தன. அந்தப் பாதை அடைபட்ட பிறகு, களத்தில் நிற்பவரே விண்ணப்பத்தையும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதத் தெரியாத காரணத்தால் நல்ல வேலை நின்றுபோகிறது என்பதுதான் இன்றைய கவலை.

அரசு அலுவலகங்களில் கருத்துரு என்றும், தொண்டு நிறுவனங்களில் புரபோசல் என்றும் வழங்கும் திட்ட முன்மொழிவு, ஒரு பிரச்சினையை இன்ன வழியில், இன்ன காலத்துக்குள், இன்ன செலவில் தீர்த்துத் தருவதாக நிதி தருபவருக்குக் கொடுக்கும் எழுத்துப்பூர்வமான உறுதிமொழி. அதைத் தகுதியான ஒருவர் செய்யும் மன்றாட்டாக நினைத்து எழுதும்போது தாள் முழுவதும் உருக்கம் நிறைந்துவிடுகிறது. உறுதிமொழியாக நினைத்து எழுதும்போது மட்டுமே ஊரின் பெயரும் அளவும் தேதியும் உள்ளே வருகின்றன.

புதுக்கோட்டைக்கு இதில் தனிப்பட்ட பாதகம் ஒன்றும் உண்டு. வளர்ச்சியை விழையும் மாவட்டங்கள் என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்த பட்டியலில் தமிழகத்திலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் இடம்பெற்றன. மழையை நம்பிய நிலத்தையும் வறட்சியையும் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தோடு பகிர்ந்துகொள்ளும் புதுக்கோட்டை அதில் இல்லை. ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் நிதி நிறுவனம் முதலில் புரட்டுவது இத்தகைய பட்டியலைத்தான்.

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலும் இதே நிலை. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. மாவட்டத்தில் தொழிற்கூடங்கள் பெரும்பாலும் விராலிமலை, மாத்தூர் பக்கம் இருக்க, மணமேல்குடியிலும் கோட்டைப்பட்டினத்திலும் உள்ள கடலோரச் சிற்றூர்கள் எந்த ஆலையின் அருகிலும் இல்லை. அந்தச் சிற்றூர்களின் தேவை நிதி தருபவரின் மேசையை எட்டுவதற்கு, நன்றாக எழுதப்பட்ட தாளைத் தவிர வேறு வழி இல்லை.

அறிவொளி விட்டுச்சென்ற அளவுகோல்

மாவட்டத்துக்கு இப்படி முன்மொழிவு எழுதும் திறமை புதிது என்று சொல்ல முடியாது. 1988-ல் தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கம், 1990-ல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, மாவட்டம்தோறும் ஆட்சியர் தலைமையில் பதிவு பெற்ற சங்கம் ஒன்றை அமைத்து, அந்தச் சங்கம் எழுதித் தரும் செயல்திட்டத்தை ஏற்று நிதி வழங்கும் முறையைப் பரவலாக்கியது. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கம் அந்த முறையில் உருவானதுதான்.

அந்த இயக்கம் எழுத்தறிவு என்பதை எப்படி வரையறுத்தது என்பது இன்று முன்மொழிவு எழுதும் ஒவ்வொருவரும் ஊன்றிப் பார்க்க வேண்டிய செய்தி. எளிய பத்தி ஒன்றை நிமிடத்துக்கு 30 சொற்கள் வேகத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு 7 சொற்கள் வீதம் பார்த்து எழுத வேண்டும். 5 சொற்கள் வீதம் பிறர் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். 1 முதல் 100 வரையிலான எண்களைப் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவும் செய்யக்கூடியவரே எழுத்தறிவு பெற்றவர். விழிப்புணர்வு ஏற்படுத்துதல், அதிகாரப்படுத்துதல் என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் திட்டம் வென்றதா தோற்றதா என்பதை எவராலும் சொல்லியிருக்க முடியாது. நிமிடத்துக்கு 30 சொற்கள் என்று எழுதிவிட்டால், கையில் கடிகாரம் உள்ள எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

முன்மொழிவுக் கலையில் வெளியீடு, விளைவு என்ற இரண்டையும் பிரித்துப் பேசுவார்கள். எத்தனை வகுப்புகள் நடந்தன, எத்தனை புத்தகங்கள் கொடுக்கப்பட்டன என்பது வெளியீடு. எத்தனை பேரால் படிக்க முடிகிறது என்பது விளைவு. நிதி தருபவர் கேட்பது இரண்டாவதை. பெரும்பாலான விண்ணப்பங்கள் சொல்வதோ முதலாவதை மட்டும்.

ஆனால் அறிவொளியின் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த இயக்கத்தின் வழியே மாவட்டத்தின் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் குவாரிகளில் கூலிக்கு உழைத்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்ததும் அதே காலத்தில்தான். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-ல் வெளியான தம் நூலில் இவற்றை விரிவாகப் பதிவு செய்த பிறகு, உலகம் புதுக்கோட்டையை நினைவில் வைத்திருப்பது நிமிடத்துக்கு 30 சொற்களுக்காக அன்றி அந்தச் சைக்கிள்களுக்காகவே. அளக்கக்கூடிய இலக்கைத் துல்லியமாக எழுதிய அதே திட்டத்தில், மக்கள் தாமாகக் கேட்டதைச் சேர்த்துக்கொள்ளவும் இடம் இருந்தது. ஒவ்வொரு ரூபாயையும் முதல் நாளிலேயே பூட்டி வைக்கும் இன்றைய நிதித் திட்டங்களில் அந்த இடம் சுருங்கிக்கொண்டே வருவது வருந்தத்தக்கது.

ஒரு கண்மாயை எழுதுவது எப்படி

மாவட்டத்திலிருந்து மிகுதியாக எழுதப்படும் விண்ணப்பம் நீர்நிலை பற்றியதாகத்தான் இருக்க முடியும். பேராறு ஏதும் பாயாத மண்ணில் கவிநாடு கண்மாய் முதல் ஊர்க் குளங்கள் வரை ஆயிரக்கணக்கான நீர்நிலைகளை நம்பியே வேளாண்மை நடந்திருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கரை கடந்த கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களின் தென்னையையும் பலாவையும் வாழையையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, ஊர் இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வாரினார்கள். அந்த உழைப்பைப் பல ஊர்களுக்கு விரிக்க நிதி கேட்கும்போதுதான் எழுத்து தடுமாறுகிறது.

'நீர்வளத்தைப் பாதுகாத்து விவசாயிகளின் வாழ்வாதாரத்தை மேம்படுத்துதல்' என்ற வரி தமிழகத்தின் எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும் என்பதாலேயே எந்த ஊரையும் காட்டுவதில்லை. அதைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு உடனே பத்துக் கேள்விகள் எழும். கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதன் பாசன நிலம், எத்தனை ஏக்கர்? அது 40 ஹெக்டேருக்கு மேற்பட்டதாக இருந்து நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளதா, குறைந்ததாக இருந்து ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளதா? யாரிடம் அனுமதி பெற வேண்டும்? எத்தனை மடைகள், அவற்றில் எத்தனை இயங்குகின்றன? மிகை நீர் வெளியேறும் கலிங்கு உடைந்திருக்கிறதா? வரத்து வாய்க்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது, அடைத்தது சீமைக் கருவேலமா ஆக்கிரமிப்பா? வெட்டிய மண் எங்கே போகும்?

கடைசிக் கேள்வியைப் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். வெட்டிய வண்டல் வயலுக்குப் போகிறதா, கரைக்குப் போகிறதா, வெளியே விற்பனைக்குப் போகிறதா என்பதில்தான் ஊரில் சண்டையே வருகிறது. நிதி தருபவர் அஞ்சுவதும் அந்தச் சண்டைக்குத்தான். அதை முன்கூட்டியே எழுதி, கிராம சபையில் தீர்மானம் போட்டு, தீர்மான நகலையும் இணைத்துவிட்டால், விண்ணப்பத்தின் மற்றப் பக்கங்களுக்கும் நம்பகத்தன்மை கூடிவிடுகிறது.

விளைவைச் சொல்வதற்கும் ஊரில் ஏற்கெனவே அளவுகோல்கள் இருக்கின்றன. கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டுகிறதா, தை மாதத்துக்குப் பிறகு கண்மாயில் எத்தனை நாள் நீர் நிற்கிறது, அருகிலுள்ள கிணறுகளில் கோடையில் நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்பவற்றை எந்தக் கருவியும் இன்றி ஊரார் சொல்லிவிடுவார்கள். வேலை தொடங்கும் முன்பே இவற்றை ஒரு நோட்டில் குறித்து வைப்பதற்குத்தான் அடிப்படை நிலை ஆய்வு என்று பெயர். இந்த ஒரு நோட்டு இல்லாத காரணத்தால், உண்மையாகவே நடந்த நல்ல மாற்றத்தைக்கூட மெய்ப்பிக்க முடியாமல் நிற்கும் அமைப்புகள் ஏராளம்.

தலைப்பு கேள்வி ஆவதில்லை

ஆய்வாளர்களின் சிக்கல் சற்றே வேறானது. மன்னர் கல்லூரி, அரசு மகளிர் கல்லூரி போன்றவற்றின் ஆசிரியர்கள் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை வகுப்பெடுத்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் விண்ணப்பம் எழுத வேண்டியவர்கள். ஐ.ஐ.டி.களில் இருப்பது போல விண்ணப்பத்தைச் சரிபார்க்கவும் வரவு செலவைத் தயாரிக்கவும் தனி அலுவலகம் அவர்களுக்குக் கிடையாது. மாநிலப் பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் பெரிய ஆய்வு நிறுவனங்களோடு இணைத்து நிதி வழங்கும் திட்டங்களை அனுசந்தான் அறக்கட்டளை தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. எனினும் அந்த இணைப்பில் சிறிய கல்லூரி வெறும் மாதிரி சேகரிக்கும் இடமாக ஆகிவிடாமல் இருக்க வேண்டுமானால், ஆய்வுக் கேள்வி அங்கிருந்து பிறக்க வேண்டும்.

கேள்விகளுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. 'தைலமரமும் சுற்றுச்சூழலும்' என்பது ஒரு தலைப்பு. வனத்தோட்டக் கழகம் வளர்க்கும் தைலமரக் காட்டை ஒட்டிய ஊரிலும், அதே வகை மண்ணும் மழையும் கொண்டு தைலமரம் இல்லாத இன்னோர் ஊரிலும், மூன்று ஆண்டுகளுக்குக் கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்தால் வேறுபாடு தெரிகிறதா என்பது ஒரு கேள்வி. முதலாவதைப் படிக்கும் மதிப்பீட்டாளர் தலையசைத்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். இரண்டாவதைப் படிப்பவர் எப்படி அளப்பார்கள், எந்த ஊர்கள் என்று மேலும் தேடுவார். உழவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டு வரும் ஒரு விஷயத்துக்கு விடை தேடும் ஆய்வு என்பதால், அதன் பயனைத் தனியாக விளக்க வேண்டிய தேவையும் இல்லை.

முன்கூட்டியே திரட்டிய சான்று என்ன செய்யும் என்பதற்குப் பொற்பனைக்கோட்டை நல்ல எடுத்துக்காட்டு. அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு அங்கே தோண்டத் தகுந்த காரணம் வேண்டும். உள்ளூர் தொல்லியல் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் நடந்து நடந்து பதிவு செய்த கோட்டைச் சுவரின் எச்சங்களும், இரும்பு உருக்கிய தடயங்களும், அங்கே கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகல்லும் அந்தக் காரணத்தைத் தந்தன. 2021-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. 2023-ல் மாநிலத் தொல்லியல் துறை அந்தப் பணியைக் கையில் எடுத்தது. நிதியோ அனுமதியோ வருவதற்கு முன்பே செய்யப்பட்ட, எவரும் சம்பளம் தராத அந்தப் பூர்வாங்க வேலைதான் எந்த விண்ணப்பத்திலும் மிகக் கனமான பகுதி.

பழைய தாள்களுக்கும் இது பொருந்தும். பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் தம் சொந்த முயற்சியில் திரட்டிய ஞானாலயா ஆய்வு நூலகம் புதுக்கோட்டையில்தான் இருக்கிறது. அதைப் போன்ற திரட்டுகளுக்கு நிதி தரும் அமைப்புகள் உலகில் உண்டு. பிரிட்டிஷ் நூலகம் 2004-ல் தொடங்கிய அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழகக் கிராமங்களின் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆவணங்களைத் தேடிப் படியெடுத்தது. புதுக்கோட்டை எல்லையை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்கள், அவர் 1992-ல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, இன்று சென்னையில் பெரும் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. மாவட்டத்தின் வீடுகளில் சமஸ்தான காலத்து ஆவணங்களையும் ஓலைகளையும் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, என்னென்ன இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுப்பது. பட்டியல் இல்லாத திரட்டுக்கு எந்த நிதியும் வராது.

சம்பளத்தை மறைக்கும் பக்கம்

வரவு செலவுப் பக்கத்தில்தான் நல்ல அமைப்புகள் தங்களைத் தாங்களே வதைத்துக்கொள்கின்றன. நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நிதி தருபவர் மகிழ்வார் என்று எண்ணி, களப்பணியாளர் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்து, கணக்கர் சம்பளத்தைக் காட்டாமலே விட்டு, பேருந்துக் கட்டணத்தைக்கூடத் தாமே சுமக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் களப்பணியாளர் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விடுகிறார். திட்டம் பாதியில் நிற்கிறது. அமைப்பின் பெயர் கெடுகிறது.

இதில் சட்டம் சொல்வது பலருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான வரம்பு 2020-ல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது உண்மை. ஆனால் பள்ளியின் ஆசிரியர், மருத்துவமனையின் மருத்துவர், ஆய்வு அமைப்பில் களத் தரவு திரட்டுபவர் போன்று பணியை நேரடியாகச் செய்பவர்களின் ஊதியம் நிர்வாகச் செலவில் சேராது. சமூகப் பொறுப்பு நிதிக்குச் சொல்லப்படும் 5 சதவீத வரம்பும், நிறுவனம் தன் அலுவலகத்தில் அந்த நிதியை நிர்வகிக்கச் செய்யும் பொதுச் செலவுக்கானது. களத்தில் திட்டத்தை நிறைவேற்றும் செலவுக்கு அது பொருந்தாது. இந்த வேறுபாட்டை விளக்கி, ஒவ்வொரு பணியிடத்துக்கும் முழுச் சம்பளத்தையும் எதற்காக என்ற காரணத்தையும் எழுதும் விண்ணப்பத்தை விவரம் அறிந்த மதிப்பீட்டாளர்கள் மதிக்கவே செய்கிறார்கள். அடிமாட்டு விலைக்குத் திட்டம் தருபவரைப் பார்த்தால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வருகிறது.

சான்றுகள் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. சங்கம் அல்லது அறக்கட்டளைப் பதிவு, நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெறும் அடையாள எண், வருமான வரித் துறையின் 12ஏபி, 80ஜி பதிவுகள், சமூகப் பொறுப்பு நிதிக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு, மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, முந்தைய நிதிக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவை ஒரே கோப்பில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதிக்கான பதிவு கோருவோர் மூன்று ஆண்டுகள் இயங்கியிருப்பதோடு, அந்தக் காலத்தில் தம் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்கவும் வேண்டும் என்பதால், புதிய அமைப்புகள் உள்நாட்டு நிதியிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது.

இயந்திரம் எழுதும் விண்ணப்பம்

ஆங்கிலம் வராததால்தான் நிதி வரவில்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு குறையற்ற ஆங்கிலத்தில் பத்துப் பக்க விண்ணப்பம் சில நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கிறது என்பதே அதன் குறை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2025-ல், பெரும்பகுதி செயலியால் எழுதப்பட்ட விண்ணப்பங்களை விண்ணப்பதாரரின் சொந்தச் சிந்தனையாக ஏற்பதில்லை என்று அறிவித்து, ஓர் ஆய்வாளர் ஓராண்டில் ஆறு விண்ணப்பங்களுக்கு மேல் அனுப்பக் கூடாது என்றும் வரம்பு விதித்தன.

தமிழில் சிந்தித்து எழுதிய ஒன்றை ஆங்கிலமாக்க இந்தச் செயலிகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை. கிராமத்துக் கல்லூரி ஆசிரியருக்கு அது பெரும் விடுதலையும்கூட. ஆனால் கலிங்கு எங்கே உடைந்திருக்கிறது என்பது செயலிக்குத் தெரியாது. தெரியாததை நிரப்பச் சொன்னால் அது கற்பனையான புள்ளிவிவரத்தை எழுதிவிடும்; அது கண்டுபிடிக்கப்பட்டால் அமைப்பின் மீதான நம்பிக்கை மொத்தமும் போய்விடும்.

நிராகரிப்பின் உண்மை அளவு

மிக நன்றாக எழுதினாலும் நிராகரிப்பு வரும் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றத்துக்கு 2012-ல் வந்த ஏறத்தாழ 3,700 விண்ணப்பங்களை எழுத, அந்நாட்டு ஆய்வாளர்கள் செலவிட்ட மொத்த நேரம் சுமார் 550 ஆண்டு உழைப்புக்குச் சமம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் நிதி பெற்றது ஐந்தில் ஒன்றுதான். தரமான விண்ணப்பங்களுக்கு இடையே உண்மையில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, பிரிட்டிஷ் அகாதமி 2022 முதல் தன் சிறு ஆய்வு நிதியில் தகுதிக் கோட்டைத் தாண்டியவர்களுக்குள் குலுக்கல் முறையைக் கொண்டுவந்திருக்கிறது.

எனவே ஒரு நிராகரிப்பைத் தகுதியின்மைக்கான தீர்ப்பாகக் கொள்வது பிழை. புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923-ல்; அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது 1954-ல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அவருடைய நோக்கம் மாறவில்லை. கேட்ட இடங்களும் கேட்ட விதங்களும் மாறிக்கொண்டே இருந்தன. நிராகரித்தவர் தந்த குறிப்பைப் பெற்று, திருத்தி, வேறோர் அமைப்புக்கு அனுப்புவதே தொழில்முறை எழுத்தாளர்கள் செய்வது. குறிப்பே தராமல் நிராகரிக்கும் நிதி அமைப்புகள், ஒரு பத்து வரி மறுமொழியை எழுதாததன் மூலம் ஒரு சிற்றூரின் ஓராண்டு உழைப்பைக் குப்பையில் போடுகின்றன என்பதை உணர வேண்டும்.

செய்யக்கூடியவை

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மன்னர் கல்லூரியிலோ, வாரத்தில் ஒரு நாள் இயங்கும் முன்மொழிவு உதவி மையம் ஒன்றைத் தொடங்கலாம். ஓய்வு பெற்ற பேராசிரியர், வங்கி அலுவலர், ஆடிட்டர் என மூவர் போதும். விண்ணப்பத்தை எழுதித் தருவது அவர்கள் வேலையாக இருக்கக் கூடாது. எழுதி வருவதைப் படித்து, எந்தக் கேள்விக்கு விடை இல்லை என்று சுட்டிக்காட்டினால் போதும். வெற்றி பெற்ற விண்ணப்பங்களின் நகல்களை, எழுதியவர் அனுமதியோடு அங்கே பார்வைக்கு வைக்கலாம். கமிஷனுக்கு விண்ணப்பம் எழுதித் தரும் இடைத்தரகர்களின் பிடி அதனால் தளரும்.

கண்மாய்களின் ஆயக்கட்டு, மடை, அடங்கல், நிலத்தடி நீர்மட்டம், பள்ளிச் சேர்க்கை போன்ற ஊர்வாரித் தகவல்கள் ஏற்கெனவே அரசிடம் உள்ளன. வம்பன் தேசிய பயறு ஆராய்ச்சி மையத்திடமும் குடுமியான்மலை வேளாண் கல்லூரியிடமும் மண், பயிர் பற்றிய அறிவு இருக்கிறது. இவற்றை ஊர் வாரியாக, தமிழில், ஒரே இடத்தில் மாவட்ட நிர்வாகம் வெளியிட்டால், ஒவ்வொரு அமைப்பும் அலுவலகம் அலுவலகமாக அலைவது மிச்சமாகும்.

மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் உள்ளிட்ட மாநில அமைப்புகளும், தமிழகத்தில் செலவிடும் பெருநிறுவனங்களும், முதல் கட்டத்தில் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பை ஏற்க முன்வர வேண்டும். அதில் தேறியவர்களிடம் மட்டும் முழு விண்ணப்பத்தைக் கேட்பது இருதரப்புக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும். அடிப்படை நிலை ஆய்வுக்காக மட்டும் 50,000 ரூபாய் அளவில் சிறு விதை நிதி கொடுத்தால், பிறகு வரும் பெரிய விண்ணப்பங்களின் தரம் தானாக உயரும். நிதி பெற்று வரும் ஆசிரியருக்கு வாரத்தில் நான்கு மணி நேர வகுப்பைக் குறைக்கும் ஆணையை உயர்கல்வித் துறை பிறப்பிக்கலாம்.

காலக் கணக்கும் முக்கியம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக் குழுக்கள் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான செயல்திட்டத்தை வகுத்துத் தங்கள் இயக்குநர் குழுவின் ஒப்புதலுக்கு வைக்கின்றன. கண்மாயில் மண் வெட்ட முடிவதோ பங்குனிக்கும் ஆவணிக்கும் இடைப்பட்ட வறண்ட மாதங்களில் மட்டும். வேலை தொடங்கும்போது பணம் கையில் இருக்க வேண்டுமானால் விண்ணப்பம் மார்கழிக்குள் போயிருக்க வேண்டும். ஆகவே ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்தில், பருவமழை நீர் கண்மாய்களில் நிற்கும்போதே, ஊராட்சித் தலைவர்கள், தொண்டு அமைப்புகள், கல்லூரி ஆசிரியர்கள், விராலிமலைப் பக்கத்து நிறுவனங்களின் பொறுப்பாளர்கள் ஆகியோரை ஒரே கூடத்தில் அமர்த்தி, அவரவர் இரண்டு பக்கக் குறிப்பை வாசிக்கச் செய்யும் ஒரு நாள் கூட்டத்தை மாவட்ட நிர்வாகம் இந்த ஆண்டே நடத்தலாம்.